மட்டாஞ்சேரியில் ஒரு கோல் வாங்கினோம்

உழவு மாடு வாங்கப் புறப்படும் நம் பாட்டனார் சந்தைக்குத் தனியே போனதில்லை. பல் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர், சுழி பார்க்கத் தெரிந்தவர் ஒருவர், துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசத் தெரிந்தவர் ஒருவர் என்று மூவராவது உடன் செல்வர். அந்த வழக்கத்தின் எச்சமோ என்னவோ, களமசேரியில் குடியிருக்கும் நம் சங்கத்து அன்பர் ஒருவர், தம் மகனுக்குப் பழைய பில்லியர்ட்ஸ் கோல் ஒன்று வாங்க மட்டாஞ்சேரிக்குப் புறப்பட்டபோது நம்மையும் உடன் அழைத்தார். நாம் இளமையில் அந்தப் பச்சை மேசையைச் சில ஆண்டுகள் சுற்றிச் சுற்றி வந்தோம் என்பது அவருக்குத் தெரியும். அதில் நாம் பெற்ற வெற்றிகள் குறைவு. கோல் வாங்கி ஏமாந்த அனுபவமோ நிறைவு.

அன்பர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து இருபது ஆண்டுகளாக இங்கே ஆலையொன்றில் பணிபுரிகிறார். மகன் கல்லூரி மாணவன். மாலை வேளைகளில் ஆட்டக்கூடம் ஒன்றில் ஸ்னூக்கர் ஆடுகிறான். நன்றாகவே ஆடுகிறான் என்று கேள்வி. கூடத்தில் உள்ள பொதுக்கோல்கள் பலர் கைபட்டு நைந்தவை. இன்று கிடைத்த கோல் நாளை கிடைப்பதில்லை. சொந்தமாக ஒரு கோல் வேண்டும் என்று பையன் ஓராண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அன்பர் ஓணத்துக்குக் கிடைத்த போனஸ் தொகையில் நாலாயிரம் ரூபாயை அதற்கென ஒதுக்கி வைத்திருந்தார். புறப்படும்போது அவர் மனைவியார் நம்மைப் பார்த்து, "அண்ணா, ஒரு கம்புக்கா இவ்வளவு பணம்? நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். நாம் விடை கூறாமல் படியிறங்கினோம். அந்த விடையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு சொல். பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் என்றாலே சீமான்களின் பொழுதுபோக்கு என்று நம் வீடுகளில் ஓர் எண்ணம் உண்டு. அவ்வெண்ணம் முழுத் தவறும் அன்று. 1875 ஆம் ஆண்டில் ஜபல்பூரிலே நெவில் சேம்பர்லின் என்ற இளம் வெள்ளைக்கார இராணுவ அதிகாரி, பழைய பந்தாட்டத்தோடு வண்ணப் பந்துகளைக் கூட்டி ஸ்னூக்கரை உண்டாக்கினார். அதன் விதிகள் 1882 ஆம் ஆண்டில் நம் உதகமண்டலத்துக் கிளப்பில்தான் எழுதி மாட்டப்பட்டன. கிளப்புக் கதவுகளுக்குள்ளே பிறந்த ஆட்டம் என்பது உண்மையே. ஆனால் 1958 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றபோது கதவு திறந்துவிட்டது. இன்று மணிக்கு இவ்வளவு என்று பணம் கட்டினால் யாரும் ஆடலாம். கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டிப் பழகிய நம் பிள்ளைகளுக்குக் கோணமும் வேகமும் புதியவை அல்ல. சென்னையின் மரிய இருதயம் கேரத்தில் இருமுறை உலகப் பட்டம் வென்ற கதையைக் கேட்டு வளர்ந்த வீடுகள்தாமே நம்முடையவை!

களமசேரியில் மெட்ரோ ஏறி, எர்ணாகுளத்தில் இறங்கி, படகில் ஃபோர்ட் கொச்சி சேர்ந்து, ஆட்டோவில் மட்டாஞ்சேரிக்குச் சென்றோம். 1568 ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற யூத தேவாலயத்தை நோக்கிச் செல்லும் அந்தத் தெருவில் இஞ்சியும் மிளகும் மணக்கும். இரு மருங்கும் பழம்பொருட் கடைகள். தூண்கள், கதவுகள், குத்துவிளக்குகள், வார்ப்புகள், கப்பல் விளக்குகள், கிராமபோன் குழாய்கள் என்று பிரிந்துபோன பெரிய வீடுகளின் எலும்புகளெல்லாம் அங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. பழைய கிளப்புகளும் பங்களாக்களும் கழித்துப்போட்ட கோல்கள் இத்தகைய கடைகளில் சில வேளைகளில் அகப்படும்.

கடைக்காரர் முதலில் ஒரு கோலைத் தோலுறையோடு எடுத்து வந்தார். பளபளவென்ற மெருகு, அடியில் பித்தளைத் தகடு, தகட்டில் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றின் பெயர், அடிக்கட்டையின் முடிவில் ஒரு வெண்ணிற வளையம். "சாயிப்பின்றெ காலத்தெ சாதனமாணு, சாரே!" என்றார். விலை ஏழாயிரத்து ஐந்நூறு. பையனின் கண்கள் அதைவிட்டு அகலவில்லை. அன்பர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மற்றொரு கோல் கடையின் மூலையில், பழைய குடைகளும் கைத்தடிகளும் செருகியிருந்த தகரப் பீப்பாயில் நின்றது. அழுக்கேறிக் கறுத்திருந்தது. நுனியிலுள்ள தோல் கல்லாக இறுகியிருந்தது. பெயருமில்லை, உறையுமில்லை. மூவாயிரம் என்றார்.

இவ்விரண்டையும் நாம் எப்படிப் பார்த்தோம் என்பதைச் சொல்லுவோம்.

பார்க்க வேண்டியதில் முதலாவது, கோல் எந்த ஆட்டத்துக்குரியது என்பது. ஸ்னூக்கர் பந்து 52.5 மி.மீ. விட்டமுடையது, அமெரிக்கப் பூல் பந்தோ 57 மி.மீ. இருக்கும். ஆகையால் ஸ்னூக்கர்க் கோலின் நுனி மெலிந்து ஒன்பதரை, பத்து மி.மீ. அளவில் இருக்கும், பூல் கோலின் நுனி பன்னிரண்டரை, பதின்மூன்று மி.மீ. வரை தடித்திருக்கும். முன்னது பெரும்பாலும் ஆஷ் மரத்தால் ஆனது. பின்னது மேப்பிள் மரத்தால் ஆனது. பூல் கோலை மலிவு என்று வாங்கி ஸ்னூக்கர் ஆடுவது, வாழை இலை நறுக்க அரிவாள்மணையைப் பயன்படுத்துவது போன்றது. காரியம் ஆகும்; அழகாக ஆகாது. இங்கே இரண்டும் ஸ்னூக்கர்க் கோல்களே.

அடுத்தது நேர்மை. மரத்தின் நேர்மையைச் சொல்லுகிறோம். பலர் கோலை மேசைமீது உருட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைகின்றனர். அது போதாது. ஸ்னூக்கர்க் கோலின் அடிக்கட்டையில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருப்பார்கள். கையால் இழைத்த பழைய கோல் முழு வட்டமாகவும் இராது. அவற்றை உருட்டினால் குதிக்கத்தான் செய்யும். அதனால் கோணல் என்று முடிவு கட்டலாகாது. தச்சர் சட்டத்தைப் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடி, அடியிலிருந்து நுனி வரை நோக்க வேண்டும். கோலை மெல்லச் சுழற்றி நாற்புறமும் நோக்க வேண்டும். இரு துண்டாகத் திருகிச் சேர்ப்பதாயின் ஒவ்வொரு துண்டையும் தனியே பார்த்துப் பின் சேர்த்தும் பார்க்க வேண்டும். துண்டுகள் நேராயிருந்து மரை கோணலாயிருப்பதும் உண்டு. தகடு பதித்த கோல் இந்தச் சோதனையில் குற்றமற்றதாகவே தோன்றியது. பீப்பாய்க் கோலில் நுனிக்கு ஒரு முழம் கீழே நூலிழை அளவு வளைவு இருந்தது. பையன் முகம் வாடியது.

நாம் அளவு நாடாவை எடுத்தோம். ஸ்னூக்கர்க் கோலின் வழக்கமான நீளம் 57 அல்லது 58 அங்குலம். பீப்பாய்க் கோல் ஐம்பத்தேழரை. தகட்டுக் கோலோ ஐம்பத்தைந்துகூட நிறையவில்லை! நுனியில் பூண் கழன்றும் மரம் பிளந்தும் போகும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நறுக்கிவிட்டுப் புதிய பூண் மாட்டுவார்கள். கோல் மேலே செல்லச் செல்ல மெலிவதால், நறுக்க நறுக்க நுனி தடிக்கும். அதை மறைக்க மரத்தைத் தேய்த்து மெலியவைப்பார்கள். அப்படித் தேய்த்த கோல் நடுவில் வலிமை இழந்து பிரம்பு போல் துவளும். ஆகவே, பழைய கோல் வாங்கப் போகிறவர் அளவு நாடா இல்லாமல் போவது, தராசில்லாமல் தங்கம் வாங்கப் போவதற்கு ஒப்பாகும்.

பிறகு மெருகு. பழைய பொருளில் புது மெருகைக் கண்டால் நாம் இரண்டடி பின்வாங்குவது வழக்கம். காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில், கண்ணாடி போல் மின்னிய கோல் ஒன்றை ஒரு மாதச் சம்பளத்தில் பாதி கொடுத்து வாங்கினோம். மூன்றாம் வாரம் ஓங்கி அடித்த ஓர் அடியில் அது இரண்டாகப் பிரிந்தது. முன்னமே முறிந்ததைப் பசையிட்டு ஒட்டி மெருகின் அடியில் புதைத்திருந்தார்கள். அன்று முதல் மரத்தின் இழையைப் பார்க்கக் கற்றோம். ஆஷ் மரத்தில் இழைகள் அம்பு முனைகள் போல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச் செல்லும். அந்த அம்புகள் தடையின்றி நுனி வரை ஓட வேண்டும். ஓரிடத்தில் சட்டென நின்று வேறு திசையில் தொடங்கினால் அங்கே கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். தகட்டுக் கோலில் மெருகு தடிப்பாக இருந்தமையால் அம்புகளே தெரியவில்லை. மேலும், தகட்டைப் பிடித்திருந்த திருகாணிகள் இரண்டும் நேற்று வாங்கியவை போல் மின்னின. கோலுக்கு அறுபது வயதென்றால் ஆணிக்கும் அத்தனை வயது வேண்டாமா?

பீப்பாய்க் கோலைச் சற்றே ஈரத் துணியால் துடைத்தோம். அழுக்கு விலக, அம்புகள் வரிசையாக மேலேறியது தெரிந்தது. அடிக்கட்டை கருங்காலி. ஆஷும் கருங்காலியும் சேரும் இடத்தில் நான்கு வளைவுகள் கோபுர நிழல் போல் மழுங்கிய முனையோடு எழுந்து நின்றன. இயந்திரத்தில் பொருத்திய கோலில் அம்முனைகள் ஊசி போல் ஒரே சீராக இருக்கும்; கையால் பொருத்தியதில் மழுங்கி வளைந்திருக்கும். பெயர் எழுதாத தச்சன் ஒருவன் தன் கையெழுத்தை அங்கேதான் விட்டுச் சென்றிருக்கிறான். அந்தச் சேர்க்கையில் நகத்தை ஓட்டிப் பார்த்தோம். நகம் எங்கும் தடுக்கவில்லை. பித்தளைப் பூண் அசையவில்லை. அடியைத் தரையில் மெல்லத் தட்டினோம். "டொக்" என்று ஒரே ஓசை. விரிசல் உள்ள கோலும், உள்ளே வைத்த ஈயம் தளர்ந்த கோலும் சலசலக்கும். தகட்டுக் கோல் இலேசாகச் சலசலத்தது.

அந்த வெண்ணிற வளையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "ஆனைக்கொம்பு" என்றார் கடைக்காரர், பெருமையாக. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 ஆம் ஆண்டினது. 1986 ஆம் ஆண்டுத் திருத்தம் இந்திய யானைத் தந்த வணிகத்தையும், 1991 ஆம் ஆண்டுத் திருத்தம் ஆப்பிரிக்கத் தந்த வணிகத்தையும் தடுத்துவிட்டன. எவ்வளவு பழையதானாலும் கடையில் விலைக்கு வாங்க இயலாது. கடைக்காரர் சொன்னது உண்மையாயின் வாங்குவது குற்றம். உண்மையல்லவாயின் விலை பொய். நாம் இதை மெதுவாக எடுத்துச் சொன்னோம். "அப்போள் பிளாஸ்டிக் ஆயிரிக்கும்" என்று அவர் சிரித்துவிட்டார். அவரும் யாரிடமோ கேட்டதைத்தான் சொன்னார் போலும். கதவும் தூணும் அறிந்த வியாபாரி. கோல் அவர் துறையன்று. அவரைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை.

பெயருக்கு விலை இல்லையா என்று சிலர் கேட்கக்கூடும். உண்டு. தர்ஸ்டன், பரோஸ் அண்டு வாட்ஸ், ரைலி முதலிய பழைய ஆங்கிலக் கம்பெனிகளின் கோல்களைச் சேகரிப்பவர் உலகெங்கும் உள்ளனர். அவர்கள் தகட்டுக்கும் உறைக்கும் வரலாற்றுக்கும் பணம் தருவார்கள். அது ஒரு விலை. ஆடுகிறவனின் கைக்கு அது எவ்வளவு உதவும் என்பது மற்றொரு விலை. ஸ்காட்லாந்தின் ஸ்டீபன் ஹென்ட்ரி சிறுவயதில் கிடைத்த நாற்பது பவுன் கோலைக் கொண்டுதான் 1990 முதல் 1999 வரை ஏழு உலகப் பட்டங்களை வென்றார். 2003 ஆம் ஆண்டில் விமானப் பயணத்தில் அது முறிந்தபோது, எந்தப் பணமும் அதை மீட்டுத் தரவில்லை. ஓணம் போனஸை எடுத்துக்கொண்டு வந்த குடும்பம் இரண்டாவது விலையை மட்டுமே கொடுக்கக் கடமைப்பட்டது.

ஆனால் அந்த இரண்டாவது விலையைக் கடையில் நின்று அறிய முடியாதே! கடையில் மேசை ஏது? நாம் ஓர் ஏற்பாடு சொன்னோம். முழுத் தொகையையும் கொடுத்து வைப்போம். மறுநாள் மாலைக்குள் கோலைத் திருப்பித் தந்தால் பணத்தைத் திருப்ப வேண்டும். கடைக்காரர் சிறிது யோசித்து இசைந்தார். மூவாயிரம் என்றது இரண்டாயிரத்து நானூறில் நின்றது. நுனித்தோல் கெட்டிருப்பதைக் காட்டித்தான் நாம் விலையைக் குறைத்தோம். உண்மையில் நுனித்தோல் சில நூறு ரூபாயில் மாற்றக்கூடியது. அதனால் கோலுக்கு எந்தக் குறைவுமில்லை. இது கொஞ்சம் தந்திரந்தான். சந்தைக்குப் போன பாட்டனாரின் இரத்தம்!

அன்று மாலையே களமசேரிக் கூடத்தில் புதுத் தோல் ஒட்டிக் காயவைத்தோம். நுனித்தோல் என்றால் அலட்சியம் வேண்டா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிங்கோ என்ற பிரெஞ்சுக்காரர் கோல் நுனியில் தோலை ஒட்டியதற்குப் பிறகே பந்தை விருப்பப்படி சுழலச் செய்ய முடிந்தது. அதற்கு முன் வெறும் மரம் பந்தில் வழுக்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை சோதனை. கோலை ஒரு விரல்மேல் கிடத்திப் பார்த்தோம். அடியிலிருந்து பதினேழு அங்குலத்தில் நின்றது. எடை தராசில் ஐந்நூற்றுப் பத்து கிராம். ஸ்னூக்கர்க் கோலுக்கு இவை இரண்டும் நடுத்தரமான அளவுகள். பையனிடம் வெள்ளைப் பந்தைப் பழுப்புப் பந்தின் புள்ளியில் வைக்கச் சொன்னோம். அங்கிருந்து நீலம், இளஞ்சிவப்பு, கறுப்பு ஆகிய புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் கிடக்கின்றன. அந்தக் கோட்டின்மேல் அடித்து, எதிர்க்கரையில் பட்ட பந்து திரும்பி வந்து கோலின் நுனியையே தொட வேண்டும். முதல் பத்து அடிகளில் ஒன்றுகூடத் தொடவில்லை. "அப்பா, இது வேண்டாம்" என்றான் பையன். அன்பர் நம்மைப் பார்த்தார்.

இங்கேதான் பலர் தவறுகின்றனர். கூடத்துக் கோலின் குற்றங்களுக்குப் பழகிய கை, குற்றமற்ற கோலையும் முதலில் குற்றமாகவே உணரும். நாம் ஒரு மணி நேரம் பொறுக்கச் சொன்னோம். அரை மணியில் பந்து நுனிக்கு இரண்டு அங்குலத்துக்குள் வரத் தொடங்கியது. பின்பு பக்கவாட்டில் அடிக்கச் சொன்னோம். வெள்ளைப் பந்தின் வலப்பக்கம் அடித்தால், பந்து குறித்த திசையிலிருந்து சற்றே இடப்பக்கம் விலகும். நுனிப்பகுதி கனமான கோலில் இந்த விலகல் மிகும், இலேசானதில் குறையும். விலகல் இல்லாத கோல் எதுவுமில்லை. எப்போதும் ஒரே அளவாய் விலகுகிறதா என்பதே பார்க்க வேண்டியது. இருபது அடிகளில் ஒரே அளவாய் விலகிற்று. கோலின் நூலிழை வளைவு அந்த அடிகளில் எங்கும் தலைகாட்டவில்லை.

கை உணர்வு என்று ஆட்டக்காரர்கள் சொல்லுவதைப் பற்றியும் நம் கருத்தைக் கூறிவிடுகிறோம். கோலின் நுனி பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குதான். கையில் அதிர்வு தெரியும்போது பந்து போய்விட்டது. அந்த அதிர்வு பந்தைத் திருப்பாது. எனினும் வீண் அன்று. சரியாக அடித்தோமா என்பதைக் கைக்கு உடனே சொல்லும் சேதி அது. நல்ல கோலில் அச்சேதி தெளிவாக வரும். விரிசல் கோலில் குழம்பி வரும். நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்வோர், பழைய வீடுகளில் பல்லாண்டு நின்று ஈரம் வற்றிய ஆச்சா மரத்தைத் தேடி எடுப்பது எதற்காக? இனி அசைய வேண்டிய அளவெல்லாம் அசைந்து முடித்த மரம் அது. பழைய கோலிலும் அந்த நன்மை உண்டு. பத்து மழைக்காலம் கண்டும் நேராக நிற்கும் ஆஷ், பதினோராவதிலும் பெரும்பாலும் நிற்கும்.

பதினொரு மணியளவில் பையன் அடித்த பந்து கரையில் பட்டுத் திரும்பி, அசையாமல் நின்ற கோலின் நுனியில் வந்து "டிக்" என்று முட்டியது. அவன் ஒன்றும் பேசவில்லை. மீண்டும் பந்தைப் புள்ளியில் வைத்தான். அன்பர் கடைக்காரருக்குத் தொலைபேசியில், கோல் திரும்பி வராது என்று சொல்லிவிட்டார்.

மூன்று நாள் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனோம். கோல் சமையலறை ஓரத்தில், ஈரச் சுவரில், துடைப்பத்துக்கு அருகே சாய்ந்து நின்றது! இடவப்பாதி மழையில் கொச்சிச் சுவர்கள் வியர்ப்பதை நாம் எல்லோரும் அறிவோம். சுவரில் சாய்ந்த கோல் தன் எடையாலேயே வளையும். ஈரமும் சேர்ந்தால் இன்னும் விரைவில் வளையும். படுக்கையாக வைக்க வேண்டும், அல்லது நுனியைக் கட்டித் தொங்கவிட வேண்டும். அடுப்பனலும் வெயிலும் படக்கூடாது. ஆடி முடித்ததும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். இதை நாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாள் எழுந்து சென்றார். "கம்புக்கு இவ்வளவு உபசாரமா, அண்ணா?" என்று கேட்டுக்கொண்டே கோலை எடுத்து, தம் பழைய பருத்திச் சேலையொன்றில் சுற்றி, உள்ளறையில் பீரோவின் மேல் நீளவாக்கில் கிடத்தினார். பீரோ சற்றுக் குட்டை. கோலின் நுனி ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பையன் ஒரு பலகை தேடப் போனான்.